ஒரே மாவு... மூணு கல்லு!

மாவு ஒன்றுதான். தட்டில் ஊற்றி வேகவைத்தால் இட்லி. கல்லில் தேய்த்தால் தோசை. குழியில் விட்டால் பணியாரம். இதே சமாசாரம் பூமிக்கு அடியிலும் நடக்கிறது!

அங்கே மாவு என்பது அலுமினியம், சிலிக்கான், ஆக்ஸிஜன். கலக்கிற விகிதம்கூட ஒன்றுதான். ஆனால் உருமாறிய பாறைகளில் வெந்து வருவது மூன்று கனிமங்கள். அழுத்தம் குறைவு, சூடும் மிதம் என்றால் ஆண்டலுசைட். சூடு எகிறினால் சில்லிமனைட். மேலே பாறை ஏறி உட்கார்ந்து நசுக்கினால் கயனைட். சுமார் 500 டிகிரி செல்சியஸ், 4,000 மடங்கு காற்றழுத்தம்... அந்த ஒரு புள்ளியில் மட்டும் மூன்றும் சண்டை போடாமல் சேர்ந்திருக்கும். அதற்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர் கீழே போகவேண்டும்.

ஆக, மலைமேல் கிடக்கிற பாறையில் கயனைட் இருந்தால், 'ஐயா ஒரு காலத்தில் பாதாளவாசி' என்று அர்த்தம். மேலே வந்ததும் திரும்ப மாறிவிடாதா? மாறவேண்டும்தான். ஆனால் அதற்கும் சூடு வேண்டுமே! ஆறிப்போன கல்லில் அணுக்கள் அரசாங்க ஃபைல் மாதிரி. லேசில் நகராது.

இதை வைத்து மேப்பே போட்டார் ஜார்ஜ் பாரோ. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில், ஒரு காலத்தில் வெறும் சேறாக இருந்த பாறைகள், போகப்போக ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் என்று வரிசையாக மாறுவதை 1893-ல் எழுதினார். உள்ளே புகுந்த கிரானைட்டின் சூடுதான் காரணம் என்பது அவர் கட்சி. சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் மோதியதில் அந்த வட்டாரமே புதைந்து வெந்தது என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். காரணம் போச்சு. மேப் நின்றது. இன்றும் பெயர் 'பாரோ மண்டலங்கள்'தான்!

கயனைட்டை நீளவாக்கில் கத்தியால் கீறினால் கோடு விழும். குறுக்கே கீறினால்? ஊஹூம்! (எங்கள் பழைய மானேஜரும் இப்படித்தான். எந்தப் பக்கமாக அணுகுவது என்பது பியூனுக்கு மட்டுமே தெரியும்.) நிறமோ அழகான நீலம். ஏழரைச் சனிக்கு நீலக்கல் மோதிரம் வாங்கக் கிளம்பும் தம்பிகள் கவனிக்க: பட்டை தீட்டிய கயனைட்டும் பார்வைக்கு அப்படியே இருக்கும். அசல் நீலக்கல்லின் கடினத்தன்மை 9. இது 7-ஐத் தாண்டாது, அடிபட்டால் பிளக்கும், விலையும் பல மடங்கு குறைவு. அதற்காகக் கடையில் கத்தியை எடுத்துவிடாதீர்கள். பரிசோதனைக்கூட சர்டிபிகேட் கேளுங்கள், போதும்.

மற்றபடி கயனைட்டின் பிழைப்பு உலைக்களத்தில். நன்றாகச் சூடேற்றினால் முல்லைட்டாக மாறி, எந்த அனலையும் தாங்கும் உலைச் செங்கல்லுக்கு உதவுகிறது. ஜார்க்கண்டின் லப்சா புரு இதற்குப் பேர்போன இடம். சில்லிமனைட்டுக்கு அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். மலைப்பாறை கரைந்து கடலோரம் சேர்ந்த மணலிலிருந்தே, கொல்லம் பக்கத்துச் சவராவில் பிரித்தெடுக்கிறார்கள். அங்கே காலில் ஒட்டின மணலைத் தட்டும்போது கொஞ்சம் மரியாதையாகத் தட்டுங்கள், சார்!