ஊவாத் தோட்டங்களில் ஆக்கிரமிப்புப் பூச்சிகளும் செடிகளும்

பிறந்த மண்ணை விட்டு வேற்றிடம் சேர்ந்து, அங்கே கட்டுக்கடங்காமல் பெருகிப் பயிரையும் காட்டையும் கெடுக்கும் உயிர்களே ஆக்கிரமிப்பு உயிரினங்கள். சொந்த நாட்டில் அவற்றைத் தின்று மட்டுப்படுத்தும் எதிரிகள் புதிய இடத்தில் இல்லாததே இந்தப் பெருக்கத்துக்கு முக்கிய காரணம். பண்டாரவளையைச் சூழ்ந்த ஊவா மலைகள் இத்தகைய இழப்பை நெடுங்காலமாக அறிந்தவை. 1869இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது.

தேயிலைக்கும் பகைகள் தோன்றின. டோர்ட்ரிக்ஸ் புழு இலைகளை நூலால் பிணைத்துக்கொண்டு உள்ளே மறைந்திருந்து தின்னும். ஆகவே மருந்து எளிதில் எட்டாது. இதற்குத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் உயிர்வழி தேடியது. 1935-36இல் மெக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற சிறு குளவி ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டு மலைகளில் விடப்பட்டது. அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று கொல்லும். குளவி நிலைபெற்றதும் டோர்ட்ரிக்ஸின் தொல்லை பெரிதும் அடங்கியது.

இந்தச் சமநிலையைக் குலைத்தது மற்றொரு பூச்சிக்கான மருந்து. தேயிலைத் தண்டைத் துளைக்கும் கறுப்பு வண்டு இரண்டு மில்லிமீற்றர் அளவே இருக்கும். தண்டுக்குள் சுரங்கம் குடைந்து, அதில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்துத் தன் குஞ்சுகளுக்கு உணவாக்கும். துளைபட்ட கிளைகள் கொழுந்து பறிக்கும்போதே முறியும். 1950களின் பிற்பகுதியில் இதற்கு எதிராக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது. நஞ்சு குளவியையும் கொன்றதால் டோர்ட்ரிக்ஸ் மீண்டும் தலைதூக்கியது, வேறு சில புழுக்களும் பெருகின. இவ்வண்டின் நெருங்கிய உறவினம் ஒன்று பின்னாளில் கலிபோர்னியா, இஸ்ரேல், தென்னாபிரிக்கா வரை பரவி, அங்குள்ள மரங்களைத் தாக்கிவருகிறது. அண்மைக் காலத்தில் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு 2018இல் இலங்கையை அடைந்து, சோளச் செய்கையில் பெரும் சேதம் விளைவித்தது. ஊவாவின் மொனராகலையும் அதற்குத் தப்பவில்லை.

ஆக்கிரமிப்புச் செடிகளில் பல அழகுக்காகக் கொண்டுவரப்பட்டவை. நாயுண்ணி 1826இல் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக நாட்டுக்குள் வந்தது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. மஞ்சள் பூப்பூக்கும் காட்டுச் சூரியகாந்தி மலைப் பாதையோரங்களையும் கைவிடப்பட்ட நிலங்களையும் நிறைத்துள்ளது. அதை விதை பிடிக்குமுன் வெட்டித் தேயிலைக்கும் மரக்கறிப் பாத்திகளுக்கும் பசளையாக இடுவது, பரவலையும் தடுத்து மண்ணையும் வளப்படுத்தும்.

கட்டுப்பாட்டில் மிகச் சிக்கனமானது வராமல் தடுப்பதே. இதற்காக 1924இலேயே பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எடுத்துக்கொண்டது. விதை, நாற்று, மண் ஆகியவற்றை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவதை அது தடைசெய்கிறது. வந்துவிட்டவற்றுக்கு ஒரே மருந்தை நம்புவது ஆபத்து என்பதை டீல்ட்ரின் கற்பித்தது. கவ்வாத்து, மண்வளம், தாங்குதிறன் கொண்ட தேயிலை இனங்கள், இயற்கை எதிரிகள் ஆகிய அனைத்தையும் இணைத்துச் செய்யும் பராமரிப்பே நிலைத்த பலன் தரும்.

வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் செடியோ விதையோ ஒளித்துக் கொண்டுவரக் கூடாது. தோட்டத்தில் பழக்கமில்லாத பூச்சியைக் கண்டால், மருந்து தெளிக்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் இனங்காணப்படும் பகையையே எளிதில் அடக்க முடியும்.