நங்கூரம் பிடிக்கும், உடல்தான் ஒட்டும்!

தோளின் தசைநாண் எலும்பிலிருந்து அறுந்து விலகினால் கையை உயர்த்துவது கடினமாகிவிடும். துணியோடு துணியைத் தைப்பதுபோல் அதனை எலும்போடு எளிதில் தைத்துவிட இயலாது. ஆகவே அறுவை மருத்துவர் எலும்பில் சிறு துளையிட்டு, நூல் கோத்த நுண்ணிய திருகாணி ஒன்றைப் பதிக்கிறார். டைட்டானியத்திலும், உடலில் மெல்லக் கரையும் பொருள்களிலும் கிடைக்கும் இதற்குத் ‘தையல் நங்கூரம்’ என்று பெயர். அந்நூலைத் தசைநாணில் செலுத்தி, எலும்போடு இறுக அணைத்துக் கட்டுகிறார்.

ஆனால் வாசகர்களே, நங்கூரம் பிடித்து நிறுத்துமேயன்றி ஒட்டவைக்காது; அது உடலின் வேலை. அதற்குப் பல மாதங்கள் ஆகும். வலி தணிந்ததும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் தைத்த இடம் மீண்டும் கிழியக்கூடும். பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் கையைக் கழுத்துத் தூளியில் தாங்கி வைக்கச் சொல்வார்கள். அதன் பின்னரும் மருத்துவர் அனுமதிக்கும்வரை பாரம் தூக்கலாகாது. அதுவரை அச்சுமையை வீட்டார் ஏற்பதே நல்ல மருந்து.