வண்டி வாங்கிய பிறகு



சென்ற ஆண்டுக் கணக்கறிக்கையைப் படித்துவிட்டு, இம்மருத்துவமனையை நெடுநாளாகத் தாங்கிவருகிற ஒரு குடும்பத்தார் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். “பிக்-அப் வண்டி புதிதாகத்தானே வாங்கப்பட்டது? அதற்கு வாரண்டியும் இருந்ததே? பின் ‘வாகனப் பராமரிப்பு’ என்று வருஷாவருஷம் ஒரு தொகை ஏன் வருகிறது?” என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். இதே கேள்வி வேறு சிலருடைய மனதிலும் இருக்கலாம் என்று எண்ணி, கடிதத்தில் எழுதவேண்டிய பதிலை இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறோம்.

இந்த வண்டி வந்த கதையைத் தாங்கள் அறிவீர்கள். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், ஆக்ஸிஜன் சிலிண்டர் நிரப்பிக் கொண்டுவர வாடகை வண்டி கிடைக்காமல் நாங்கள் அலைந்ததைக் கேள்விப்பட்டுத்தான் தாங்கள் காணிக்கை அனுப்பினீர்கள். அந்த ஆண்டிலேயே வண்டி வாங்கினோம். சிலிண்டர், மருந்துப் பெட்டி, ஜெனரேட்டருக்கு டீசல், சலவைக்குப் போகிற மூட்டை, கிராம முகாம்களுக்கு மேசை நாற்காலி என்று அன்றுமுதல் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஒரு வாரம் நின்றால் ஒரு முகாம் நின்றுபோகும். அப்படி ஒருமுறை நின்றும்போனது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் வாரண்டி. எங்களில் இறையியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு உக்கிராணத்துவத்தைப் பற்றி விரிவாகப் பாடம் நடத்தினார்கள். கிரீஸ் கன்னைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே வண்டியோடு வந்த சிறு புத்தகத்தை நாங்கள் மெதுவாகத்தான் படித்துப் புரிந்துகொண்டோம். வாரண்டி என்பது, “எங்கள் தயாரிப்பில் குறையிருந்தால் அதை நாங்களே சரிசெய்து தருகிறோம்” என்று கம்பெனி கொடுக்கிற வாக்கு. அது இத்தனை வருஷம் அல்லது இத்தனை கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைக்கும் செல்லும். ஓடுவதால் தேய்கிற சாமான்கள் அதில் சேராது. கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், வைப்பர் ரப்பர், பல்பு, ஃபில்டர் ஆகியவை நம்முடைய செலவு. டயருக்கும் பாட்டரிக்கும் அவற்றைச் செய்தவர்கள் தனியாக வாரண்டி தருகிறார்கள். வண்டிக் கம்பெனி அதற்குப் பொறுப்பல்ல. இலவச சர்வீஸ் என்பதும் கூலி மட்டும்தான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பில் வரும். முதல் சர்வீஸ் பில்லைப் பார்த்து எங்கள் கணக்கர் திகைத்துப்போனார்.

வாக்கு கொடுத்தவர்கள் நம்மிடமும் ஒன்று கேட்கிறார்கள். குறித்த கிலோமீட்டரில், குறித்த மாதத்துக்குள் சர்வீஸ் செய்திருக்க வேண்டும். செய்ததற்கு ஜாப் கார்டும் பில்லும் இருக்க வேண்டும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருக்கக் கூடாது. வயரிங்கை வெட்டி வேறு விளக்கோ ஹாரனோ மாட்டியிருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும், அதனால்தான் பழுது வந்தது என்று அவர்கள் சொல்ல வழி ஏற்பட்டுவிடும்.

எங்களுக்கு அது தண்ணீர் வழியாக வந்தது. மாங்காட்டில் மழைக்காலம் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரிகளும் அவற்றின் கால்வாய்களும் இருந்த பூமியில் நகர்கள் எழும்பிவிட்டன. தண்ணீருக்குப் போக இடமில்லை. 2021 நவம்பரில் பல தெருக்களில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. நோயாளிகளுக்கு மருந்தும் சாப்பாடும் கொண்டுபோவதற்காக எங்கள் டிரைவர் தம்பி அந்தத் தண்ணீரில் நாலைந்து நாள் வண்டியை ஓட்டினார். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நாங்களும் நன்றி சொல்லிவிட்டு அதை மறந்துபோனோம்.

மூன்று மாதம் கழித்து, “ஐயா, வண்டி பின்னாலே முனகுது. வேகம் கூடினா சத்தமும் கூடுது” என்றார். டீலரிடம் கொண்டுபோனோம். பின் ஆக்சில் ஹவுசிங்கைத் திறந்து ஆயிலை வடித்தபோது அது தேன் நிறத்தில் வரவில்லை. பால் ஊற்றிய டீயைப்போல வந்தது. தண்ணீர் கலந்திருந்தது. பேரிங்குகள் பழுதாகியிருந்தன. “இது தயாரிப்புக் குறையல்ல, வாரண்டி கிடையாது” என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு எங்களுக்குக் கோபம் வந்தது உண்மைதான். பிறகு விசாரித்துப் பார்த்ததில் அவர்கள் சொன்னது சரியென்று தெரிந்தது. ஓடுகிற வண்டியின் ஹவுசிங் சூடாக இருக்கும். உள்ளேயிருக்கிற காற்று விரிந்து, பிரீத்தர் என்கிற சிறு துவாரத்தின் வழியாக வெளியே போகும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளேயுள்ள காற்று சட்டென்று சுருங்குகிறது. சுருங்கும்போது பிரீத்தர் வழியாகவும் ஆயில் சீலின் ஓரமாகவும் வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கிறது. வெளியில் தண்ணீர் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். வெள்ளம் வடிந்த வாரத்திலேயே ஹவுசிங் ஆயிலையும் சக்கர ஹப்பின் கிரீஸையும் மாற்றியிருந்தால் அரைநாள் வேலையோடு முடிந்திருக்கும். நாங்கள் செய்யாததால் வண்டி ஒன்பது நாள் வொர்க்ஷாப்பில் நின்றது. அந்த நாட்களில்தான் ஒரு கிராமத்துக் கண் முகாமைத் தள்ளிவைத்தோம். செய்தி போய்ச் சேராததால் வயதானவர்கள் சிலர் வந்து, பள்ளிக்கூடத்துத் திண்ணையில் மதியம்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினார்களாம். அதை அந்த ஊர்த் தலைமையாசிரியர் எங்களிடம் சொன்னபோது, பில் தொகை எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம்; சொந்த வண்டி வைத்திருக்கிறவர்களுக்கும் உதவும். தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால் சாவியைத் திருப்பி மறுபடியும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றை அழுத்துவதுபோலத் தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி வருகிற சேதத்தை வாரண்டி ஏற்காது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்காவிட்டால் சாதாரண இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் ஏற்காது. வண்டியைத் தள்ளிக் கரையேற்றி மெக்கானிக்கை அழைப்பதே வழி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நாங்கள் வண்டியை வெளியே எடுக்கவேயில்லை. மேட்டில் நிறுத்திவிட்டு, அவசரத்துக்கு டிராக்டர் பிடித்தோம்.

டீலரிடம் மட்டும்தான் போகவேண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். ஒருமுறை முகாம் நெருக்கடியில் இன்ஜின் ஆயிலை வெளியே மாற்றிவிட்டோம். கம்பெனி புத்தகத்தில் சொன்ன தரத்து ஆயில்தான். பில்லும் வாங்கி வைத்திருந்தோம். சில மாதத்துக்குப்பின் வாட்டர் பம்ப் ஒழுகியது. “வெளியே சர்வீஸ் செய்துவிட்டீர்கள், வாரண்டி முழுவதும் போய்விட்டது” என்றார் சர்வீஸ் மேனேஜர். ஆயில் மாற்றியதற்கும் வாட்டர் பம்ப் ஒழுகுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டோம். பதில் இல்லை. “அப்படியானால் மறுப்பதை எழுத்தில் தாருங்கள்” என்று கேட்டுக்கொண்டோம். எழுத்தில் தரவில்லை. இரண்டு நாள் கழித்து பம்பை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

இது எங்கள் சாமர்த்தியம் அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், கார் தயாரிக்கும் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், பழுதுபார்க்க வேண்டிய விவரங்களையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி வைத்திருந்தார்கள் என்பது அதன் தீர்ப்பு. வெளியே பழுதுபார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும், வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்தை மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். ஆகவே அதைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டரில் வாதாடலாம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் “எழுத்தில் தாருங்கள்” என்று பணிவாகக் கேட்பதற்கு அது தைரியம் கொடுத்தது. அதற்கு மேலும் தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. எங்களுக்கு அதுவரை போகவேண்டிய அவசியம் வரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.-6 டீசல் வண்டிகள் பழைய வண்டிகளைப்போல அல்ல. எங்கள் வண்டியின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்துவைக்கிற ஒரு வடிகட்டி உண்டு. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். விலை குறைவென்று வேறு ஆயில் ஊற்றினால் அந்தச் சாம்பல் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். அதை டீலர் மறுத்தால் குற்றம் நம்முடையதே. அந்த வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் அதற்குப் புகை மிகவும் சூடாக வேண்டும். அதற்கு வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மாங்காட்டிலிருந்து குமணன்சாவடி, அங்கிருந்து பூந்தமல்லி, திரும்பப் போரூர் என்று ஊர்ந்துகொண்டேயிருந்தால் அந்தச் சூடு வராது. முதல் வருஷத்திலேயே எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது. இப்போது வாரம் ஒருமுறை வண்டிக்கு ஒரு நீண்ட ஓட்டம் கொடுக்கிறோம். வெளிவட்டச் சாலையில் ஏறி, மீஞ்சூர் பக்கமோ வண்டலூர் பக்கமோ எங்கே சரக்கு எடுக்கவேண்டியிருக்கிறதோ அங்கே போய்வருவார்கள். டீசலை வீணாக்குகிறோம் என்று சிலர் நினைத்தார்கள். விளக்கு பிறகு எரியவில்லை.

உதிரிபாகங்களைப்பற்றி எழுதும்போது எங்களுக்கே ஒரு மகிழ்ச்சி. நாம் இருக்கிற இந்த மேற்குப் புறநகர்தானே வண்டிச் சாமான்களின் ஊர்! பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். ஆல்டர்நேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்கிறது. பிரேக்ஸ் இந்தியாவும் வீல்ஸ் இந்தியாவும் அதே பாடியில். பிரேக் லைனிங் செய்கிற ராணே தொழிற்சாலை அம்பத்தூரில். வண்டிக் கம்பெனிகள் பிரேக்கையும் ஆல்டர்நேட்டரையும் தாங்களே செய்வதில்லை. இப்படிப்பட்டவர்களிடம் வாங்கித்தான் பொருத்துகிறார்கள். டீலர் கவுண்டரில் வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருகிற சாமானும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையில் செய்தவருடைய சொந்தப் பெட்டியில் வருகிற சாமானும் பல நேரங்களில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவை. இரண்டாவது பெட்டி விலை குறைவாக இருக்கும். வாரண்டி இருந்த காலம்வரை நாங்கள் முதல் பெட்டியையே வாங்கினோம், அதையும் டீலரே பொருத்தும்படி செய்தோம். பொருத்தின சாமானுக்கும் ஒரு வாரண்டி கிடைக்கும் என்பதால். இப்போது பாகத்தின் எண்ணை ஒத்துப்பார்த்து இரண்டாவது பெட்டியை வாங்குகிறோம்.

மூன்றாவதாகவும் ஒரு பெட்டி உண்டு. அச்சு அசலாக அதேபோல இருக்கும், உள்ளேயிருப்பது போலி. ஃபில்டரிலும் பிரேக் லைனிங்கிலும் இது அதிகம் என்று எங்கள் மெக்கானிக் சொல்வார். பில் தராத கடையில் நாங்கள் எதையும் வாங்குவதில்லை. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றின கதவும் கண்ணாடியும் வாங்கலாம், தவறில்லை. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அங்கே வாங்கக் கூடாது என்பது எங்கள் தீர்மானம்.

சாமான் பக்கத்தில் கிடைக்கிற வண்டியை வாங்கியதற்கும் காரணம் உண்டு. எங்களில் மூத்தவர்கள் சிலருக்கு, வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்த ஒரு வண்டி, சிறு பாகம் ஒன்று கப்பலில் வருவதற்காக வேப்பமரத்தடியில் மாதக்கணக்கில் நின்றது ஞாபகமிருக்கிறது. கோழிகள்தான் அதை உபயோகித்தன. உள்ளூரில் செய்கிற கம்பெனியும் நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் அங்கே கடைசிக் கார் வெளிவந்தது. சர்வீஸும் சாமானும் தொடரும் என்று சொன்னார்கள். இருந்தாலும் அந்தக் கார் வைத்திருந்தவர்கள் பட்ட கவலையை நாங்கள் பார்த்தோம்.

எங்கள் வண்டியின் வாரண்டி 2024-ல் முடிந்துவிட்டது. இப்போது டிரைவர் தம்பியிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தினமும் காலையில் ஆயில், கூலண்ட், டயர் காற்று பார்த்துக் கையெழுத்திடுவார். டீசல் ஃபில்டரின் அடியில் சேர்கிற தண்ணீரை வாரந்தோறும் வடிப்பார். புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ், ஸ்பிரிங் பட்டையின் பின்கள் ஆகியவற்றுக்குக் குறித்த கிலோமீட்டரில் கிரீஸ் அடிப்பார். நிரப்பின பெரிய சிலிண்டர் ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல் வரும். ஆகவே ஒரு நடைக்கு எத்தனை ஏற்றலாம் என்று நோட்டின் அட்டையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். அவசரம் என்று யார் சொன்னாலும், நாங்களே சொன்னாலும், அதற்கு மேல் அவர் ஏற்றமாட்டார்.

ஆகவே கடிதம் எழுதிய நண்பர்கள் கேட்ட தொகையில் இருப்பவை இவைதான்: ஆயில், ஃபில்டர், பின் பிரேக் லைனிங், ஒரு பாட்டரி, எஃப்.சி.க்குக் காட்டுவதற்கான வேலைகள், மழைக்குப் பின் ஹவுசிங் ஆயில். இந்த ஆண்டு கிளட்ச் பிளேட்டும் பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டியிருக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழை தொடங்குமுன் டயரை மாற்றிவிட எண்ணியிருக்கிறோம். அதன் பில் அடுத்த கணக்கறிக்கையில் வரும்.