உழைப்பாளியைத் தாக்கும் உஷ்ணம்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் தலையில் தாங்கிப் பண்டகசாலைக்கும் லாரிக்குமாக நடக்கும் சுமைத் தொழிலாளிகளையும், அங்கிருந்து சற்றே தொலைவில், வெளி என்ற இடத்திலுள்ள தோபிகானாவில், டச்சுக்காரர் காலத்தில் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களாய் இன்றும் துணி வெளுத்துவரும் தமிழ் வண்ணார்களையும் சித்திரை மாதத்து நண்பகலில் காண்பவர் வெயிலின் உக்கிரத்தையே நினைப்பார். ஆனால் உழைப்பாளிக்கு நேரும் அபாயத்தில் பெரும்பங்கு அவருடைய சரீரத்துக்குள்ளேயே பிறக்கிறது.

தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு உஷ்ணமாகிவிடுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். கடலும் காயலும் சூழ்ந்த கொச்சியிலோ, காற்றின் ஈரத்தால் வியர்வை ஆவியாகாமலே சொட்டி வீணாகிறது. உள்ளுஷ்ணம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்து மூளையைத் தாக்கும்போது, வைத்தியர்கள் ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்று சொல்லும் விபரீதம் நேருகிறது.

வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் அது ஹீட் ஸ்ட்ரோக் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இது உயிரைப் பறிக்கக்கூடிய எண்ணம். உழைப்பினால் தாக்குண்டவரின் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். கவனிக்க வேண்டியது புத்தியின் தடுமாற்றத்தை. காரணமின்றிச் சினப்பது, பிதற்றுவது, தள்ளாடுவது, பிரக்ஞை இழப்பது, வலிப்பு காண்பது ஆகியவையே அடையாளங்கள். கக்கத்தில் வைக்கும் வெப்பமானியை நம்பலாகாது. அது உள்ளுஷ்ணத்தைக் குறைத்தே காட்டும்.

சிகிச்சையின் சாரம், முதலில் குளிர்விப்பது, பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வது என்பதாம். 108-ஐ அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல், கனத்த ஆடைகளைக் களைந்து, ஐஸ் கலந்த நீர்த்தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தி, தலை மூழ்காதபடி ஒருவர் தாங்கிக்கொள்ள, நீரைக் கலக்கியபடியே இருக்கவேண்டும். அரைமணிக்குள் உஷ்ணம் 39 டிகிரிக்குக் கீழ் வருவது அவசியம். அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டப்பந்தயத்தில் 18 ஆண்டுகளில் இவ்வாறு தாக்குண்ட 274 பேருக்கு இந்த முறையில் சிகிச்சை அளிக்கப்பட்டது. அத்தனை பேரும் பிழைத்தனர். தொட்டி அமையாத இடத்தில் குளிர்ந்த நீரை இடைவிடாது ஊற்றி, ஈரத்துணி போர்த்தி மாற்றி, விசிறவேண்டும். பாராசிட்டமால் பயன்படாது, ஏனெனில் இது ஜ்வரமன்று. பிரக்ஞை தெளியாதவர் வாயில் நீரும் புகட்டலாகாது.

தோபிகானாவில் தண்ணீர்த் தொட்டிக்குக் குறைவில்லை. பண்டகசாலைகளிலோ அதை ஏற்பாடு செய்தாக வேண்டும். கோடைக் காலத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கலாகாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஆணையிடுகிறது. அந்த ஆணையை மதிப்பதோடு, வாசலருகே ஒரு பெரிய தொட்டி நீரையும், கேட்டவுடன் கிடைக்கும்படி ஐஸையும் பண்டகசாலைக்காரர்கள் தயாராக வைத்திருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.