ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எத்தனை மணி நேரம்?

ஃபின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே நேர்வான்வழித் தொலைவு சுமார் 7,800 கி.மீ. 2022 பிப்ரவரி வரை விமானங்கள் இதை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தன. இப்போது 13 மணி நேரம் ஆகிறது. உக்ரைன் போரையொட்டி ஐரோப்பிய நாடுகளும் ரஷியாவும் ஒன்றுக்கொன்று தத்தம் வான்வெளியை மூடிக்கொண்டதே காரணம். சைபீரியாவைத் தவிர்த்து, வட துருவம் வழியாகவோ மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிச் செல்ல வேண்டியுள்ளது.

இது புதிதன்று. சோவியத் வான்வெளி கிடைக்காத 1983-இல் ஃபின்னேர் நிறுவனம் டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோதும் துருவ வழியில்தான் பறந்தது. அன்றும் பயணம் ஏறத்தாழ 13 மணி நேரம்தான்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்கிற முறையில், எரிபொருள் செலவைவிட நேரத்தின் விலையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒன்பதரை மணி நேரப் பயணமென்றால், ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் சென்று திரும்பிவிடும். 13 மணி நேரமானால் அது இயலாது. நாள்தோறும் ஒரு சேவை நடத்தக் கூடுதலாக ஒரு விமானம் வேண்டும். விமானிகளும் கூடுதலாக வேண்டும். கிழக்காசியாவுக்கான குறுக்குவழி என்பதையே மூலதனமாகக் கொண்டு வளர்ந்த ஹெல்சிங்கி விமான நிலையம் அந்த மூலதனத்தை இழந்து நிற்கிறது. சீன நிறுவனங்களோ இன்றும் ரஷியாவின் மீது பறந்தே ஐரோப்பாவை அடைகின்றன.