கடனட்டைப் புள்ளிகளின் மெய்ப்பெறுமதி

கீழ்வகுப்புகளில் இலாப நட்டக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் கொப்பி கொப்பியாகச் செய்து பழகியவர்கள் யாம். ஆயினும், உத்தியோகம் பெற்றுக் கடனட்டை கைக்கு வந்தபின் அக்கணக்கைச் செய்து பார்ப்போர் எம்முள் மிகச் சிலரே. அட்டையைப் பயன்படுத்துந்தோறும் புள்ளிகள் சேர்கின்றன. புள்ளிகளுக்குப் பரிசு கிடைக்கின்றது. பரிசு கிடைப்பது உண்மை. அதன் பெறுமதி யாது என்பதே வினா.

புள்ளி நாணயம் அன்று. அதனைக் கொடுத்து எதனைப் பெறுகின்றோமோ அதுவே அதன் பெறுமதி. ஓர் உதாரணம் கொள்வோம். இதில் வரும் இலக்கங்கள் விளக்கத்தின் பொருட்டு யாம் வைத்துக்கொண்டவை. 100 ரூபாய்ச் செலவுக்கு ஒரு புள்ளி. 20,000 புள்ளிகளுக்கு ஒரு மின்கேத்தல். அக்கேத்தல் கடையில் 5,000 ரூபாயெனின் ஒரு புள்ளி 25 சதமாகும். அஃதாவது, 20 இலட்சம் ரூபாய் செலவிட்டவருக்கு ஒரு கேத்தல்! அதே புள்ளிகளுக்கு 8,000 ரூபாய் வவுச்சர் கிடைக்குமாயின் புள்ளி 40 சதமாக உயரும். ஆண்டுக்கு 6 இலட்சம் செலவிடுபவர் 6,000 புள்ளி பெறுவர். உயர்ந்த கணக்கிலும் அது 2,400 ரூபாயே. அட்டையின் ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாயாயின், பரிசு பெற்றவர் உண்மையில் 2,600 ரூபாய் நட்டப்பட்டவராவர்.

விமானச் சீட்டில்தான் மயக்கம் மிகுதி. அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனம் 1981 இல் மைல் திட்டமொன்றைத் தொடங்கியது. பின்னர் இத்தகைய திட்டங்கள் கடனட்டைகளோடும் இணைந்தன. 6 இலட்சம் ரூபாய் விலையுள்ள உயர்வகுப்பு இருக்கையைப் புள்ளிகளாற் பெற்றவர், தாம் 6 இலட்சம் மீத்ததாகவே சொல்வர். புள்ளிகள் இல்லாவிடின் அவர் 2 இலட்சம் கொடுத்துச் சாதாரண இருக்கையிலேயே சென்றிருப்பார். ஆகவே மீந்தது 2 இலட்சமே. வசதிக்கென அவர் தம் பணத்திலிருந்து எவ்வளவு மனமுவந்து கொடுத்திருப்பாரோ, அவ்வளவையே மேலும் கூட்டலாம். கையாற் கட்டிய வரிகளைக் கழிக்கவும் வேண்டும்.

இனி, இப்பரிசுக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது? ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரர் தம் வங்கிக்குக் கட்டணம் கொடுக்கின்றார். அதில் ஒரு பங்கு அட்டை வழங்கிய வங்கியைச் சேர்கின்றது. அவுஸ்திரேலிய ரிசேர்வ் வங்கி 2003 இல் அப்பங்குக்கு வரம்பிட்டபின், அந்நாட்டுப் புள்ளித் திட்டங்கள் சுருங்கின. நம் நாட்டுக் கடைகள் சிலவற்றில் அட்டையை நீட்டினால் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ மேலதிகமாகக் கேட்பதுண்டு. 25 சதம் பெறுதற்கு 3 ரூபாய் கொடுப்பது என்ன வியாபாரமோ!

எல்லாவற்றினும் கொடியது வட்டி. ஆண்டு வட்டி நூற்றுக்கு 24 எனக் கொண்டால், கட்டாது விட்ட ஓர் இலட்சத்துக்கு ஒரு மாத வட்டி ஏறக்குறைய 2,000 ரூபாய். அவ்விலட்சம் ஈட்டிய 1,000 புள்ளிகளோ 400 ரூபாயைத் தாண்டா. ஒரு மாத அசட்டை ஐந்து மாதப் பரிசை விழுங்கிவிடுகின்றது.

யாமும் தப்பியவர்கள் அல்லேம். இருமடங்கு புள்ளி என்னும் அறிவித்தலைக் கண்டு ஒருமுறை தொலைக்காட்சிப் பெட்டியொன்று வாங்கினோம். நல்ல பெட்டிதான், பழைய பெட்டியும் நன்றாகவே இருந்தது.

இப்பொழுது, எந்த அட்டை சிறந்ததென்று இளைய மாணவர் எவரேனும் எம்மிடம் வினவினால், கடந்த மூன்று மாதக் கணக்குக் கூற்றுகளைக் கொண்டுவரச் சொல்கின்றோம். அவற்றில் வட்டி என்னும் வரி காணப்படின், புள்ளிகள் உள்ள பக்கத்தைத் திருப்பாமலே மடித்துக் கொடுத்துவிடுகின்றோம்.