நீறு பூத்த நெருப்பு



தமிழாசிரியனுக்கு வால்வு வானொலியோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பழைய பெட்டிகளைத் திருத்துவது எனது நெடுநாளைய பொழுதுபோக்கு. பாட்டனார் விட்டுச்சென்ற வானொலியைப் பாடவைக்கும் ஆசையோடு என்னிடம் வரும் மாணவர்களுக்கு, நான் முதலிலே விளக்குவது 'நீறு பூத்த நெருப்பு' என்னும் மரபுத்தொடரைத்தான்.

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழ். 1904இல் பிளெமிங் இரண்டு மின்வாய்கள் கொண்ட வால்வை அமைத்தார். 1906இல் லீ டி பொரஸ்ட் அவற்றினிடையே மூன்றாவது மின்வாயைப் புகுத்தினார். சூடேறிய கதோட்டு இலத்திரன்களை உமிழ்கிறது. அனோட்டு அவற்றை ஈர்க்கிறது. திரான்சிஸ்ரர் வானொலிக்குச் சில வோல்ற்றுப் போதும். வால்வின் அனோட்டுக்கோ பெரும்பாலும் 200, 250 வோல்ற்று வேண்டும்.

இதற்காக நிலைமாற்றி மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. சீராக்கி அதனை ஒருதிசைப்படுத்துகிறது. பெரிய கொள்ளளவிகள் இரைச்சலின்றி ஒப்பமாக்குகின்றன. இக்கொள்ளளவிகளே நீறு பூத்த நெருப்பு. ஆளியை நிறுத்தி, செருகியைக் கழற்றிய பின்பும் அவற்றில் ஏற்றம் தங்கி நிற்கலாம். அது உயிருக்கே ஊறு செய்யலாம்.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். நன்றாகப் பாடும் பெட்டியை நிறுத்தினால், சூடு ஆறாத வால்வுகளே அந்த ஏற்றத்தைச் சில விநாடிகளில் உறிஞ்சிவிடும். வால்வின் இழை எரிந்தோ, இணைப்பு அறுந்தோ போன பெட்டியில் அதனை உறிஞ்ச எதுவுமில்லை. ஆகவே, பாடாத பெட்டியே கூடுதலான ஆபத்துடையது. நாம் திறந்து பார்ப்பதும் பாடாத பெட்டியைத்தானே!

செய்யவேண்டியது இதுதான். செருகியைக் கழற்றுங்கள். காவலிட்ட கம்பிகளில் பொருத்திய 10,000 ஓம், 10 வாற்றுத் தடையி ஒன்றைக் கொள்ளளவியின் இரு முனைகளுக்கும் குறுக்கே பத்து விநாடி பிடியுங்கள். திருப்புளியால் குறுக்குச்சுற்றாக்க வேண்டாம். பொறி பறக்கும், கொள்ளளவியும் பழுதாகலாம். பின்னர் பல்மானியால் அளந்து பாருங்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் அளவுங்கள். தணிந்த ஏற்றம் ஓரளவு மறுபடி தலைதூக்குவதுண்டு. ஏற்றம் உள்ள இடத்தை அளக்கும்போது ஒரு கை மட்டுமே வேலை செய்யட்டும். இரு கைகளும் பட்டால் மின்னோட்டம் மார்பின் ஊடாகப் பாயும்.

நிலைமாற்றியே இல்லாத பெட்டிகளும் உண்டு. அவற்றின் உலோகச் சட்டகம் மின்வழங்கலின் ஒரு கம்பியோடு நேரே இணைந்திருக்கும். செருகியில் கம்பிகள் இடம் மாறினால் சட்டகம் முழுவதிலும் 230 வோல்ற்று நிற்கும். இழந்துபோன குமிழ்ப்பிடியின் உலோகத் தண்டைத் தொட்டாலே போதும். தனிப்படுத்தும் நிலைமாற்றி இல்லாமல் இத்தகைய பெட்டியில் கைவைக்க வேண்டாம்.

அடுப்பில் சாம்பல் மூடியிருப்பதைக் கண்டு எவரும் கையை விடுவதில்லை. கிளறிப் பார்த்தே அள்ளுவர். வானொலிப் பெட்டியில் கிளறிப் பார்க்கும் கோல், பல்மானி. அதன் முள் சுழியத்தில் நிற்பதைக் கண்ட பின்பு கையை வையுங்கள்.